ஏடாஸ் உள்ள காருக்கு விண்ட்ஷீல்டு மாற்றுவது எப்படி?

ஜல்லி லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு இது பழக்கமான கதை. 'டக்'கென்று ஒரு சத்தம், கண்ணாடியில் ஒரு புள்ளி. நாலு நாள் கழித்து உச்சி வெயிலில் நின்ற வண்டியில் ஏசி போட்டதும் அந்தப் புள்ளியிலிருந்து கோடு ஓடும். முன்பெல்லாம் கண்ணாடிக் கடையில் காலையில் விட்டால் மாலையில் வண்டியை எடுத்துவிடலாம். இப்போது அப்படி முடிவதில்லை. 2020-ல் எம்ஜி குளோஸ்டர், 2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700 என்று பெரிய வண்டிகளில் வந்த ஏடாஸ் (ADAS, ஓட்டுநருக்கு உதவும் தொழில்நுட்பம்), 2024-ல் ஹோண்டா அமேஸ் வரை இறங்கிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் க்ரெட்டா, வெர்னாவின் உயர் வேரியன்ட்களிலும் உண்டு. முன்னால் இடித்துவிடுவோம் போலிருந்தால் தானே பிரேக் பிடிப்பதும், லேனை விட்டு விலகினால் எச்சரிப்பதும் இதன் வேலைகள். இதற்கான கேமரா விண்ட்ஷீல்டு வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறது. அதனால் புதுக் கண்ணாடி ஒட்டியதும் பாதி வேலைதான் முடிகிறது. கேமராவுக்குச் சாலையை மறுபடி அளந்து காட்டுவது மீதிப் பாதி. அதற்குப் பெயர் கேலிபரேஷன்.

படி 1: உங்கள் வண்டியில் கேமரா இருக்கிறதா?

வெளியே நின்று ரியர்வியூ மிரருக்குப் பின்னால் பாருங்கள். கறுப்புப் பட்டைக்கு நடுவே கறுப்பு அடிக்காத ஒரு சின்ன இடமும், அதற்குள் லென்ஸும் தெரிந்தால் கேமரா இருக்கிறது. கண்ணாடியோடு ஒட்டிய வட்டமான ஜெல் பட்டை மட்டும் தெரிந்தால் அது மழை சென்சார். சில வண்டிகளில் இரண்டும் உண்டு. ரேடார் வேறு, அது பெரும்பாலும் முன் பம்பர் அல்லது கிரில் பக்கம் இருக்கும், கண்ணாடியோடு அதற்குச் சம்பந்தமில்லை. அமேஸ், எலிவேட் போன்றவற்றில் முன்பக்க ரேடாரே கிடையாது, எல்லா வேலையும் அந்த ஒற்றைக் கேமராவுக்குத்தான். அங்கே கண்ணாடி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

படி 2: மாற்றத்தான் வேண்டுமா?

சின்னப் புள்ளி என்றால் ரெசின் என்ற பிசினைச் செலுத்தி அடைத்துவிடலாம். ஆனால் அடிபட்ட இடம் கேமரா பார்க்கும் பகுதியில் இருந்தால் வேண்டாம். ரெசின் காய்ந்த இடத்தில் ஒளி லேசாக வளையும். நம் கண் அதைப் பொருட்படுத்தாது, கேமராவுக்கு அது பிசகுதான். விரிசல் ஓட ஆரம்பித்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

படி 3: சரியான கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள்

"க்ரெட்டா கண்ணாடி ஒன்று" என்று கேட்டு வாங்கும் காலம் போய்விட்டது. ஒரே மாடலில் ஏடாஸ் உள்ள வேரியன்ட்டுக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என்று இருக்கும். கேமராவை மாட்டும் பிராக்கெட் கண்ணாடியிலேயே ஒட்டி வரும். அது துளி கோணலாக ஒட்டியிருந்தால் கேமராவும் கோணல்தான். கேமரா முன்னால் உள்ள தெளிவான பகுதியில் அலை அலையாகத் தெரியக் கூடாது. ஹெட்-அப் டிஸ்ப்ளே படம் விண்ட்ஷீல்டிலேயே விழும் வண்டி என்றால், இரு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள படலம் மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி போட்டால் வேகம் காட்டும் எண் இரண்டிரண்டாகத் தெரியும்.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த எண்ணுக்கு உரிய பார்ட் நம்பரை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு, பழைய கண்ணாடியின் மூலையில் அச்சிட்டிருக்கும் முத்திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள். தயாரிப்பாளர் பெயர், ஐஎஸ்ஐ குறி எல்லாம் அதில் இருக்கும். புதுக் கண்ணாடி வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளிக் கம்பெனிக் கண்ணாடி போடலாமா என்றால், கேமரா இல்லாத வண்டிக்குத் தாராளமாகப் போடலாம் என்பேன். கேமரா உள்ள வண்டிக்கு, "கேலிபரேஷன் பாஸ் ஆகாவிட்டால் கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று கடைக்காரர் எழுதித் தந்தால் மட்டும் பாருங்கள்.

படி 4: இன்சூரன்ஸ் கணக்கு

கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. சாதாரண முழுப் பாலிசியிலும் இதுதான் விதி. ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் பாகங்களுக்கு மட்டும் 50 சதவீதம் பிடிப்பார்கள். போக, கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை 1500 சிசி வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய்.

ஆனால் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும். 50 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தவர் அடுத்த வருடம் பூஜ்யத்துக்கு வந்து, அப்புறம் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-ஐத் தொட முடியும். 50-க்கு ஒவ்வொரு வருடமும் எவ்வளவு குறைகிறது என்று கூட்டிப் பாருங்கள்: 50, 30, 25, 15, 5. மொத்தம் 125 சதவீதம். உங்கள் வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியம், போனஸ் கழிக்கும் முன், 16,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (வருடா வருடம் அது குறையும் என்பதை விட்டுவிடுவோம்) 20,000 ரூபாய் வரை போகிறது. கண்ணாடி மட்டும் என்றால் கையிலிருந்து கட்டுவதே லாபம் என்று பலரும் விட்டுவிடுவார்கள். கேலிபரேஷன் செலவும் சேரும்போது கணக்கு மாறலாம். அதனால் இரண்டும் சேர்ந்த எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். கிளெய்ம் போடுவதாக இருந்தால், இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன்பே எஸ்டிமேட்டில் கேலிபரேஷன் தனி வரியாக இருக்க வேண்டும். பிறகு சேர்த்தால் இழுபறிதான்.

படி 5: கண்ணாடி மாற்றும் நாள்

கழற்றும் முன்பே, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேன் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏதாவது கோளாறு பதிவாகியிருந்தால், "இது நீங்கள் செய்ததா, முன்பே இருந்ததா" என்ற சண்டை வராது.

ஒட்டும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். எவ்வளவு நேரம் என்பது பசைக்குப் பசை, வெப்பத்துக்கு வெப்பம் மாறும். "எத்தனை மணிக்கு வண்டியை எடுக்கலாம்" என்று கேளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். பல வண்டிகளில் இடது பக்க ஏர்பேக் விரியும்போது விண்ட்ஷீல்டில் சாய்ந்துதான் பயணியைத் தாங்குகிறது. பசை இறுகாத கண்ணாடி அந்த நேரத்தில் கழன்று போகும்.

படி 6: கேலிபரேஷன்

100 மீட்டருக்கு அப்பால் போகும் வண்டியைக் கேமரா கவனிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா 1 டிகிரி திரும்பியிருந்தால் அந்தத் தொலைவில் பிசகு சுமார் 1.75 மீட்டர். நம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே 3.5 மீட்டர்தான். பக்கத்து லேனில் போகும் லாரியை நமக்கு நேர் முன்னால் போவதாக அது எடுத்துக்கொண்டால், சும்மா போகிற வண்டி திடீரென்று பிரேக் பிடிக்கும். பின்னால் வருகிறவர் கதி?

கேலிபரேஷனில் இரண்டு வகை. ஒர்க்‌ஷாப்புக்குள் செய்வது ஒன்று. மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, நடுக்கோடு பிடித்து, சொன்ன தூரத்தில் சொன்ன உயரத்தில் குறியீட்டுப் பலகையை வைத்து, ஸ்கேனரை இணைத்துக் கேமராவைப் பார்க்கச் செய்வார்கள். இதில் மில்லிமீட்டர் கணக்கு. டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கி காலியாக இருக்க வேண்டும். பின்னால் இரண்டு அரிசி மூட்டை இருந்தால் வண்டியின் மூக்கு மேலே தூக்கும், கேமராவும் வானத்தைப் பார்க்கும். பலகை வைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். டேப் எடுக்காமல், கண் அளவில் "இந்தா, இங்கே" என்று வைத்தால் அந்த இடத்தை நம்பாதீர்கள்.

இன்னொன்று சாலையில் ஓட்டிச் செய்வது. ஸ்கேனரை இணைத்தபடி, கம்பெனி சொன்ன வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டினால் கேமரா லேன் கோடுகளைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இதற்குக் கோடு அழியாத, நெரிசல் இல்லாத சாலை வேண்டும். சென்னைக்காரர்களுக்கு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாதிரி ஒன்று கிடைக்கும். ஊருக்குள் வேலைக்கு ஆகாது. மழையிலும் வேண்டாம். எந்த வகை வேண்டும் என்பது மாடலைப் பொறுத்தது, சிலவற்றுக்கு இரண்டுமே தேவை. "நாலு நாள் ஓட்டுங்க சார், தானா செட் ஆகிடும்" என்று யாராவது சொன்னால், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் அப்படி இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 7: வண்டியை எடுக்கும்போதும் அதற்குப் பிறகும்

முடித்த பின் எடுத்த ஸ்கேன் அறிக்கையைத் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது மட்டும் அத்தாட்சி ஆகாது. கோணம் தப்பிய கேமராவும் விளக்கு எரியாமல் ஓடும். காலியான நேர்ச்சாலையில் ஓட்டி, லேன் நடுவில் போகும்போது எச்சரிக்கை வருகிறதா, இரு பக்கக் கோட்டையும் ஒரே மாதிரி பிடிக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி பிரேக்கைச் சோதிக்கிறேன் என்று அட்டைப்பெட்டி, மச்சான் எதையும் முன்னால் நிறுத்த வேண்டாம்.

முதல் இரண்டு நாள் பிரஷர் வாஷ் கூடாது. கதவை அறைந்து சாத்தாதீர்கள், ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். மிரரில் தொங்கும் மாலை, கேமராவை மறைக்கும் டேஷ்கேம், கண்ணாடியில் பிரதிபலிக்கும் பளபள பிள்ளையார் எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுங்கள். பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

கடைசியாக ஃபாஸ்டேக். பழைய கண்ணாடியிலிருந்து உரித்தால் அது கிழிந்து செயலிழந்துவிடும், திரும்ப ஒட்ட முடியாது. அதே வங்கியில் மாற்று டேக் கேட்டு விண்ணப்பியுங்கள். வந்ததும் மேல் நடுவில் ஒட்டும்போது கேமராவுக்கு முன்னாலுள்ள தெளிவான இடத்தில் படாமல் கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள்.