லேசான ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னுடைய கார் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் அறிமுகமான மாடல், இரண்டே சீட், மொத்த எடை ஒரு டன்னுக்கும் கீழே. வாங்கிய முதல் வருடமே, அதோடு வந்த 14 அங்குலச் சக்கரங்களைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, 17 அங்குல அலாய் வீலும் 215 மி.மீ. அகலமுள்ள 215/40 ஆர்17 டயரும் வாங்கி மாட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மாலையே, தினமும் போகிற அதே ரோட்டில், கார் வேறு யாருடைய காரோ போல ஓடியது. ஸ்டியரிங் கனத்துவிட்டது, ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு ஒட்டும் முதுகில் தெரிந்தது, எடுப்பு குறைந்துவிட்டது. மறுநாள் ஒரு சக்கரத்தைக் கழற்றி, பழையதையும் புதியதையும் டயரோடு சேர்த்து எடை பார்க்கும் மெஷினில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து கிலோ வித்தியாசம். நான்கையும் சேர்த்தால் இருபது கிலோ. அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும் எடை இல்லை, சுற்றுகிற எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே கிடந்து மேலும் கீழும் குதிக்கிற எடை.

அந்தச் சக்கரங்களை விற்ற பிறகுதான் இதை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். கடையிலும் பத்திரிகையிலும் கிடைக்கிற டயர் அறிவுரைகளில் பெரும்பாலானவை ஒன்றரை டன் கார்களை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. முதல் லோட்டஸ் எலிஸ் 1996இல் வந்தபோது அதன் எடை சுமார் 725 கிலோ. கேட்டர்ஹாம் செவன் அதைவிடவும் லேசு. இப்போதைய எம்எக்ஸ்-5கூட ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இந்தக் கார்களுக்கு அந்த அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் காசும் போகும், காரின் சுபாவமும் கெட்டுப்போகும்.

பெரிய தவறு அகலம்தான். அகலமான டயர் என்றால் ரோட்டில் அதிக ரப்பர் படும் என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில், தரையில் படுகிற பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பது காரின் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும். அழுத்தத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் கூட்டினால், அந்தப் பரப்பு நீளத்தில் குறைந்து அகலத்தில் கூடுகிறதே தவிர, நாம் எதிர்பார்க்கிற அளவுக்குப் பெரிதாவதில்லை. இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு டயரின் மேல் எடையை இரண்டு மடங்காக்கினால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகவே கூடும். கனமான காருக்கு அகல டயர் தேவைப்படுவது இதனால்தான். லேசான காரில் ஒவ்வொரு டயரும் ஏற்கெனவே குறைந்த எடையைத்தான் சுமக்கிறது, அந்த லாபம் முதலிலேயே உங்கள் கையில் இருக்கிறது.

பழைய எம்எக்ஸ்-5இன் டயர் அளவு 185/60 ஆர்14. இந்த அளவில் வழக்கமாக வரும் லோடு இன்டெக்ஸ் 82, அதாவது ஒரு டயர் 475 கிலோ தாங்கும். நான் உட்கார்ந்து ஓட்டும்போது ஒரு டயரின் மேல் வருவது 260 கிலோ அளவுக்குத்தான். தாங்கக்கூடியதில் பாதிக்குச் சற்று மேலே, அவ்வளவே! அதற்கு மேல் அகலமும் வலுவும் கூடிய டயரைப் போட்டால், அது வளைந்து கொடுக்காமல் கட்டை மாதிரி நிற்கும். டயர் வளைந்து கொடுத்தால்தான் சூடாகும், சூடானால்தான் பிடிக்கும். அதனால் ஒரே அளவில் சாதாரண டயரும் எக்ஸ்எல் என்று அச்சிட்ட வலுவூட்டிய டயரும் கிடைத்தால், லேசான காருக்குச் சாதாரணதே போதும். புதிய எம்எக்ஸ்-5இன் 205/45 ஆர்17 அளவு 84 என்ற இன்டெக்ஸிலும் வருகிறது, எக்ஸ்எல் வகையில் 88இலும் வருகிறது. 84 என்றாலே 500 கிலோ. ஆனால் கம்பெனி குறிப்பிட்ட இன்டெக்ஸுக்குக் கீழே மட்டும் ஒருநாளும் போகக் கூடாது.

வெளிவிட்டத்தைக் கணக்குப் போடாமல் வாங்குவது அடுத்தது. கணக்கு சுலபம். 185/60 ஆர்14 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், 111 மி.மீ., சக்கரம் 14 அங்குலம். மேலும் கீழும் சேர்த்து 222, அதோடு 14 அங்குலத்துக்கான 355.6ஐக் கூட்டினால் 577.6 மி.மீ. நான் மாட்டிய 215/40 ஆர்17க்கு இதே கணக்கைப் போட்டால் 603.8 வருகிறது. நாலரை சதவீதம் பெரிது. கியர் எல்லாம் நீண்டுவிட்டது போல இருந்ததற்கும் எடுப்பு குறைந்ததற்கும் இதுவும் ஒரு காரணம். மீட்டர் 100 காட்டும்போது கார் உண்மையில் 104க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இப்போது நான் போட்டிருப்பது 195/50 ஆர்15. விட்டம் 576 மி.மீ., பழையதற்கும் இதற்கும் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. 14 அங்குலத்தில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் கிடைப்பது இன்று கஷ்டம் என்பதால் இந்த ஒரு மாற்றத்தை நான் தாராளமாகச் சொல்வேன். நான் இருக்கும் பிரிட்டனில் சக்கரத்தை மாற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிட வேண்டும்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் லேசான கார்கள் நிஜமாகவே பலவீனமாக இருக்கும் இடம் இது. தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்க ஆரம்பிக்கும் வேகத்துக்கு, 1960களில் விமான டயர்களை வைத்து நாசா ஆட்கள் ஒரு வாய்பாடு கண்டுபிடித்தார்கள். காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று வேகம் வரும். என் காருக்கான 26 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு ஏறக்குறைய 85 கி.மீ. கார் டயருக்கு இது தோராயம்தான், டிரெட் (டயரின் மேல்பரப்பில் உள்ள பள்ள வரிகள்) நன்றாக இருந்தால் இன்னும் தாங்கும். ஆனாலும் கார் லேசாக இருப்பதாலேயே காற்றும் குறைவாக வைக்கிறோம், அதன் மேல் டயரையும் அகலமாக்கினால் நீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொட முடியாமல் போகும். பிரிட்டனில் சட்டப்படி 1.6 மி.மீ. டிரெட் போதும். நான் 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் ஒரு தண்ணீர்த் தேக்கத்தில் ஸ்டியரிங் திடீரென்று கையில் எடையே இல்லாமல் போன அந்த ஒரு நொடி இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்புறம் செமி ஸ்லிக் ஆசை. யோகஹாமா ஏ052, டோயோ ஆர்888ஆர், நான்காங் ஏஆர்-1 போன்றவை ரோட்டிலும் ஓட்ட அனுமதி உள்ள டிராக் டயர்கள். இவற்றின் ரப்பர் நன்றாகச் சூடாகிற வரை தன் வேலையைச் செய்யாது. அந்தச் சூட்டைத் தருவது காரின் எடையும் நாம் அதைத் திருப்புகிற வேகமும். நவம்பர் மாதம், வெளியே ஐந்து டிகிரி, ஈர ரோடு, ஒரு டன் கார், பத்து நிமிடப் பயணம் என்றால் டயர் கடைசிவரை குளிர்ந்தே இருக்கும். என் நண்பர் ஒருவர் தன் காரில் இப்படிப்பட்ட டயரோடு வீட்டுக்குப் பக்கத்து ரவுண்டானாவில், வேகமே இல்லாமல், ஒரு முழுச் சுற்று சுழன்று நின்றார். நல்லவேளை, எதிரே யாரும் வரவில்லை. டிராக்கில் கதையே வேறு. கனமான கார் நான்கைந்து சுற்றில் இதே டயரைச் சூட்டில் வழியவிட்டுவிடும், லேசான கார் நாள் முழுக்கப் பதமாக ஓட்டும். டிராக்குக்கு அடிக்கடி போகிறவர் என்றால் அதற்கென்று தனியாக ஒரு செட் சக்கரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே செட்டில் இரண்டையும் சமாளிக்க நினைத்தால், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற கோடை டயரே போதும். குளிர் ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் அதுவும் இறுகிப்போகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும், 100, 200, 320 என்று. அது குறைந்தால் பிடிப்பு கூடும் என்று அதை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் நிறைய. அமெரிக்க விதிப்படி டெக்சாஸில் 7,200 மைல் ஓட்டி, ஒரு பொது டயரோடு ஒப்பிட்டு வருகிற தேய்மான எண் அது. சோதித்து எண்ணைப் போடுவது டயர் கம்பெனியே. போதாததற்கு, பல கிளப் பந்தயங்களில் 200க்குக் குறைந்த டயர் கூடாது என்று விதி இருப்பதால், பந்தயத்துக்கே செய்த ஒட்டுகிற டயரிலும் 200 என்றுதான் இருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பிடிப்பு கூடக்கூட நல்லது என்ற எண்ணத்தையே நான் கேள்வி கேட்பேன். 2012இல் வந்த டொயோட்டா 86க்கு அந்தக் கம்பெனி போட்டது 215/45 ஆர்17 அளவில் மிஷ்லின் பிரைமசி எச்பி, பிரியஸ் காரிலும் போடுகிற அதே வகை. செலவை மிச்சம் பிடிக்கச் செய்ததல்ல, குறைந்த வேகத்திலேயே கார் மெல்ல வழுக்கி, ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கை தர வேண்டும் என்று யோசித்துச் செய்தது. லேசான காரின் சந்தோஷமே அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று கையில் தெரிவதுதான். மிகவும் ஒட்டுகிற டயரைப் போட்டால் அந்த எல்லை பொது ரோட்டில் தொடவே கூடாத வேகத்துக்குப் போய்விடும், விடும்போதும் சொல்லாமல் விடும்.

எலிஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2001இல் வந்த இரண்டாவது எலிஸில் முன்னே 175/55 ஆர்16, பின்னே 225/45 ஆர்17. முன் டயர் சின்னதாக இருக்கிறதே என்று அதை மட்டும் அகலமாக்குகிறவர்கள் உண்டு. எஞ்சின் நடுவில் இருப்பதால் அந்தக் காரின் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்னால்தான் இருக்கிறது. வளைவில் எல்லை தாண்டும்போது முதலில் மூக்கு வெளியே நழுவ வேண்டும், பின்பக்கம் சுழன்று வரக் கூடாது என்பதற்காகவே முன்னே மெலிந்த டயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சமநிலையைத் தெரியாமல் தொட வேண்டாம். எந்தக் காராக இருந்தாலும் முன்னே ஒரு வகை, பின்னே வேறு வகை என்று கலக்காதீர்கள். இரண்டு மட்டும்தான் வாங்க முடிகிறது என்றால், முன்னும் பின்னும் ஒரே அளவு உள்ள காரில் புதியவை பின்னே போக வேண்டும்.

டயரின் வயது நம் வகைக் கார்களில் அதிகம் கவனிக்காமல் விடுகிற விஷயம். வருடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற காரில் டிரெட் தேயவே தேயாது, ஆனால் ரப்பர் கெட்டியாகிவிடும். என் காரை விற்றவர் டயரெல்லாம் புதுசு மாதிரி என்றார். ஆழமும் ஆறு மி.மீ. இருந்தது. குனிந்து பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைப் படித்தபோது 0911 என்றிருந்தது: 2011ஆம் ஆண்டின் 9ஆவது வாரம். நகத்தால் அழுத்தினேன், நகம் இறங்கவே இல்லை, பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. டிரெட் கட்டைகளுக்கு நடுவே முடி அளவு வெடிப்புகள். பார்க்கப் புதிதாக இருந்த அந்த டயர்கள் ஈரமான சந்திப்பில் இரண்டாம் கியரிலேயே வழுக்கும். புது டயர் வாங்கும்போதும் மாட்டுவதற்கு முன் அந்த இலக்கங்களைப் பார்த்துவிடுங்கள், அதிகம் விற்காத அளவுகள் கிடங்கில் நாளாகக் கிடக்கும்.

மாட்டிய கையோடு வீல் அலைன்மென்ட் பாருங்கள், அதுவும் நான்கு சக்கரத்துக்கும். எம்எக்ஸ்-5இல் பின்சக்கரத்தின் டோ, கேம்பர் என்ற கோணங்களும் மாற்றக்கூடியவை, முன்பக்கத்தை மட்டும் பார்த்து அனுப்பினால் பாதி வேலைதான். புது டயரின் மேல்தோல் தேயும்வரை, சில நூறு கிலோமீட்டர், நிதானமாக ஓட்டுங்கள்.

கடைசியாகக் காற்று. நல்ல டயர், சரியான அளவு எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிய பிறகு, கடையில் பழக்கத்தில் 35 பிஎஸ்ஐ அடித்து அனுப்பிவிடுவார்கள். பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அதிகபட்சம், அதுவும் உங்களுக்கான எண் இல்லை. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருப்பதே கணக்கு. என் காருக்கு 26, புதிய எம்எக்ஸ்-5க்கு 29. ஒன்பது பிஎஸ்ஐ அதிகம் என்பது இவ்வளவு லேசான காருக்குப் பெரிய விஷயம், ரோட்டின் மேல் துள்ளிக்கொண்டே போகும். வெப்பம் ஐந்தாறு டிகிரி மாறினால் ஒரு பிஎஸ்ஐ மாறும் என்பதால் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், டிராக்கில் சூட்டுக்காகக் காற்றை இறக்கியிருந்தால் வீடு திரும்பும் முன் திரும்ப அடிக்க வேண்டும். 195/50 ஆர்15 மாட்டிய மறுநாள் காலை, காரை நகர்த்துவதற்கு முன்பே கேஜை வைத்துப் பார்த்தேன். 35, 34, 36, 35. ஒவ்வொன்றாக 26க்கு இறக்கிவிட்டு, முதல் நாள் தடதடவென்று வந்த அதே ரோட்டில் திரும்பப் போனேன். தெருமுனை தாண்டுவதற்குள் ஸ்டியரிங் வழியாக ரோடு மறுபடியும் கையில் தெரிய ஆரம்பித்துவிட்டது.