பைக் பேட்டரியை வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் முதலில் மீட்டரை வையுங்கள்

காலையில் செல்ஃப் பட்டனை அமுக்கினால் எஞ்சின் சுற்றாமல் டக் டக் என்று மட்டும் சத்தம் வருகிறது, ஹாரன் தொண்டை கட்டின மாதிரி கரகரக்கிறது, இண்டிகேட்டர் போட்டால் கூடவே நியூட்ரல் விளக்கும் துடிக்கிறது. இதில் இரண்டு சேர்ந்து வந்தாலே பார்க்கிறவர்கள் எல்லோரும் பேட்டரி போச்சு என்றுதான் சொல்வார்கள். பேட்டரிக்கு மூன்று, நான்கு வயது ஆகியிருந்தால் பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும், ஏனென்றால் நம்ம ஊர் வெயிலில் நாள் முழுக்க நிற்கிற வண்டியின் பேட்டரிக்கு அதற்கு மேல் ஆயுள் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் புதுசு வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் பத்து நிமிடம் செலவழித்து அளந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் 150 சிசி வண்டிக்கு 14 மாதத்துக்குள் இரண்டு பேட்டரி மாற்றினேன். இரண்டு தடவையும் ஒரே கடையில்தான் மாற்றினேன், இரண்டு தடவையும் யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது வாங்கப் போகும் நேரத்தில்தான் வயதான ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஆக்சிலேட்டரை முறுக்கச் சொல்லி, பேட்டரி முனையில் மீட்டரை வைத்தார். 16 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் கெட்டுப்போய் அளவில்லாமல் கரண்டை ஏற்றி இரண்டு நல்ல பேட்டரிகளையும் வேகவைத்திருக்கிறது. ரெகுலேட்டரின் விலை பேட்டரியை விடக் குறைவு. அன்றைக்கே ஒரு சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் வாங்கிவிட்டேன். வண்டி வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அது ஒன்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அளப்பது எப்படி என்றால், மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பிளஸ்ஸில், கறுப்பு முனை மைனஸில். இரவு முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் காலையில் சாவி போடுவதற்கு முன்னால் பார்க்கும் அளவுதான் நம்பக்கூடியது, ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் முழுதாக சார்ஜ் ஆகியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. இந்த பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் சுமாராகக் கொடுக்கும், அதனால் மொத்தமாகவே 10.5 பக்கம் நின்றுவிட்டு சார்ஜ் போட்டாலும் ஏறவில்லை என்றால் ஒரு அறை செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சோதனை, மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃபை அமுக்குவது. நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே போகாது. நிற்கும்போது 12.6 காட்டிவிட்டு செல்ஃப் அடித்ததும் 9, 8 என்று சரிந்தால் உள்ளே பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன, அந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். அளவு சரியவே இல்லை, 12-க்கு மேலேயே நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் தப்பு பேட்டரியில் இல்லை. டெர்மினல், ரிலே, ஃபியூஸ், செல்ஃப் மோட்டார் என்று வேறு பக்கம் தேடுங்கள். முக்கியமாக டெர்மினலைப் பாருங்கள். போல்ட்டு லூசாகி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய், பார்க்க இணைந்திருக்கிற மாதிரியே இருக்கும், கரண்டு போகாது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கொம்பிலும் இன்னொன்றை அதில் மாட்டியிருக்கும் வயரின் வளையத்திலும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த இணைப்பைச் சுத்தம் செய்து முறுக்கினாலே போதும், செலவே இல்லை.

மூன்றாவதுதான் நான் தவறவிட்டது. எப்படியாவது கிக்கரை உதைத்தோ தள்ளியோ வண்டியை ஸ்டார்ட் பண்ணி, மிதமாக முறுக்கிப் பிடித்து அளவைப் பாருங்கள். 13.5-லிருந்து 14.5 வரைக்குள் நின்றால் சார்ஜிங் சரியாக இருக்கிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள், பேட்டரியின் பக்கவாட்டு வயிறு மாதிரி உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். எவ்வளவு முறுக்கினாலும் 12.5-லேயே கிடந்தால் எஞ்சினில் கரண்டு உண்டாக்கும் காயிலோ ரெகுலேட்டரோ வயரிங்கோ வேலை செய்யவில்லை. அதைச் சரி பண்ணாமல் புது பேட்டரி போட்டால் ஒரு வாரத்தில் அதுவும் படுத்துவிடும்.

சரி, அளந்தாயிற்று, குற்றம் பேட்டரி மேல்தான் என்று தெரிந்துவிட்டது. வாங்கும்போது பழைய பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். 12 வோல்ட் என்பது இப்போதைய எல்லா வண்டிக்கும் பொது, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர் அவர்தான் மாறும். 100 சிசி வண்டிகளுக்கு 3, 4 இருக்கும், பல 150 சிசி வண்டிகளுக்கு 7, 8, 9 என்று வரும், பழைய 350 சிசி புல்லட்டுக்கு 14. கூடுதலாகப் போட்டால் நல்லதுதானே என்று பெரிசாக வாங்காதீர்கள், அந்தப் பெட்டிக்குள் உட்காராது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பொருந்த வேண்டும். அதைவிட முக்கியம் பிளஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. எல்லாம் ஒத்துப்போய் பிளஸ் மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கிற பேட்டரியை வாங்கிவந்தால் வயர் எட்டாது. எட்டுகிற வயரை எட்டுகிற முனையில் மாட்டி, ஒரு நொடியில் ஃபியூஸையோ இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் அதன் கம்ப்யூட்டரான இசியூவையோ எரித்துவிடும் ஆபத்து உண்டு.

எக்ஸைடு, அமரான் இரண்டுமே எந்த ஊர் கடையிலும் கிடைக்கும். எதை வாங்கினாலும் தயாரித்த மாதத்தைக் கேளுங்கள், ஆறு மாதத்துக்கு மேல் கடை அலமாரியில் தூங்கியது வேண்டாம், அங்கேயே மீட்டர் வைத்து 12.6-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற கடையில் வாங்காதீர்கள். வாரண்டி 24+24 என்று போட்டிருந்தால் முதல் 24 மாதம் கெட்டால் புதுசு, அடுத்த 24 மாதம் விலையில் தள்ளுபடி மட்டும் என்று அர்த்தம், மொத்தமாக 48 மாதம் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். கார்டில் தேதியும் கடை முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். சில பேட்டரிகளுக்கு ஆசிட் தனியாக வரும், அதைக் கடையிலேயே ஊற்றி சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லுங்கள், வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

இனி கழற்றுவது. 10 நம்பர் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள் ஒரு துண்டு, பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஆப்ப சோடா, கொஞ்சம் வாசலின் போதும். மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள், இதில் விளையாட்டு வேண்டாம், பிளஸ்ஸுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மாட்டிய மோதிரம் கண நேரத்தில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது, பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடத்தில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றவே கூடாது, ரெகுலேட்டரிலிருந்து பாயும் வோல்ட்டேஜ் பல்பையும் இசியூவையும் தின்றுவிடும்.

பேட்டரி சில வண்டிகளில் சீட்டுக்கு அடியில் இருக்கும், சிலதில் சைடு கவருக்குப் பின்னால், சில ஸ்கூட்டர்களில் கால் வைக்கிற இடத்துக்குக் கீழே. சைடு கவரை முரட்டுத்தனமாக இழுத்தால் அதன் பிளாஸ்டிக் காது உடையும், ரப்பருக்குள் சொருகியிருக்கும் மூலையைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் இழுங்கள்.

முதலில் மைனஸ், அப்புறம்தான் பிளஸ். இந்த வரிசை ஏன் என்றால், வண்டியின் இரும்பு ஃபிரேம் முழுக்க மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை ஃபிரேமில் பட்டால் பேட்டரியின் இரண்டு முனைகளையும் இரும்புத் துண்டால் இணைத்த மாதிரி ஆகிவிடும், பொறி பறக்கும். மைனஸ் கழன்றுவிட்டால் அதற்குப் பிறகு ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கழற்றிய மைனஸ் வயரைத் துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள். அப்புறம் பிளஸ் மேல் இருக்கும் சிவப்பு ரப்பர் மூடியை விலக்கிக் கழற்றி, பட்டையை அவிழ்த்து பேட்டரியை நேராகத் தூக்குங்கள். தண்ணீர் ஊற்றுகிற பழைய ரகமாக இருந்தால் பக்கத்தில் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று இருக்கும், அதை உருவிவிட்டு, சாய்க்காமல் எடுக்க வேண்டும். ஆசிட் கையில் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள், கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பேட்டரி உட்காரும் பெட்டியையும் வயர் வளையங்களையும் அப்போதே சுத்தம் செய்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் அந்தப் பூத்த உப்பு நுரைத்துக் கரையும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, வளையங்களை உப்புத்தாளால் பளபளப்பு வரும் வரைக்கும் தேயுங்கள். அடியில் இருக்கும் ரப்பர் மெத்தையை மறக்காமல் திரும்பப் போடுங்கள், அது இல்லாவிட்டால் அதிர்விலேயே பிளேட் உதிரும்.

மாட்டும்போது வரிசை தலைகீழ், முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இங்கே எல்லோருக்கும் எரிச்சல் வரும் ஒரு இடம் உண்டு. டெர்மினலுக்குள் இருக்கும் சின்னச் சதுர நட்டு கீழே இறங்கிவிடும், மேலிருந்து போல்ட்டு எட்டாது, ஒரு கையால் வயர், ஒரு கையால் போல்ட்டு, நட்டைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. நட்டுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சையோ மடித்த காகிதத்தையோ செருகிவிடுங்கள், நட்டு மேலே வந்து நிற்கும். போல்ட்டை முதலில் விரலால் சுற்றி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள், ஈயம் மெத்தென்றது, ரொம்ப முறுக்கினால் மரை போய்விடும். வளையத்தைப் பிடித்து ஆட்டினால் அசையக்கூடாது, அவ்வளவு இறுக்கம் போதும். மேலே லேசாக வாசலின் தடவி, சிவப்பு மூடியைப் போடுங்கள். ரப்பர் குழாய் உள்ள ரகமானால் அது மடங்காமல், செயின் மேலோ சைலன்சர் மேலோ படாமல் கீழே தொங்க வேண்டும்.

சாவியைப் போட்டு, இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் பெட்ரோல் பம்ப் ஓடி அடங்கும் வரைக்கும் இரண்டு மூன்று நொடி பொறுத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ஸ்பீடோமீட்டரில் கடிகாரம் பூஜ்ஜியமாகியிருக்கும், ஓடின கிலோமீட்டர் அழியாது. முறுக்கிப் பிடித்து அந்த 13.5 முதல் 14.5 அளவை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் சைடு கவரை மூட வேண்டும்.

பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். அதை உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் புகையும் தூசியும் பக்கத்துத் தெருக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைக் குப்பையோடு கலக்கவும் கூடாது. புதுசு வாங்கின கடையிலேயே கொடுங்கள், விலையில் ஒரு தொகை குறைத்துக்கொள்வார்கள்.

புது பேட்டரி நீடிக்க வேண்டுமானால் அதைக் காலியாகக் கிடக்க விடாதீர்கள். காலியாக நிற்கும்போது பிளேட்டில் படியும் ஈய சல்ஃபேட் நாளாக ஆக இறுகி, பிறகு சார்ஜே ஏற்க மாட்டேன் என்னும். இரண்டு கிலோமீட்டர் மார்க்கெட்டுக்குப் போய்வர நாலு தடவை செல்ஃப் அடிக்கிற வண்டிக்கு எடுத்த கரண்டு திரும்ப ஏறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை, வாரத்தில் ஒரு நாளாவது அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள், கிக்கர் இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டைக் காலால் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போனால் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் போகலாம். தனியாக சார்ஜ் போட நேர்ந்தால் ஆம்பியர் அவரில் பத்தில் ஒரு பங்குதான் கரண்டு, அதாவது 8 என்று எழுதியிருந்தால் 0.8 ஆம்பியர். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரில் கொடுத்து சீக்கிரம் ஏற்றித் தாருங்கள் என்று கேட்காதீர்கள்.

நான் இப்போது மாட்டிய தேதியையும் அன்றைக்கு வந்த மூன்று அளவுகளையும் மார்க்கர் பேனாவால் பேட்டரியின் மேலேயே எழுதிவிடுகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயினுக்கு எண்ணெய் விடும்போது மீட்டரை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். போன வாரம் பார்த்தபோது 12.7.