பெரிய கேலிபர் ரிவால்வருக்கான பயிற்சித் தோட்டாக்களைக் குறைந்த செலவில் நிரப்பும் முறை

.44 மேக்னம், .45 கோல்ட் போன்ற பெரிய தோட்டாக்களில் அதிக விலை கொண்ட பகுதி பித்தளைக் கூடுதான். ஒரு முறை சுட்டபின் பலரும் தரையிலேயே விட்டுச் செல்வதும் அதைத்தான். ரிவால்வரில் கூடு தானாக வெளியே தெறிப்பதில்லை. சுட்ட கூடுகள் அனைத்தும் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரிலேயே தங்கி, கைக்கு வந்து சேர்கின்றன. அவற்றைப் பலமுறை நிரப்பிப் பயன்படுத்துவதும், செம்பு உறையிட்ட குண்டுக்குப் பதிலாக ஈயக் குண்டை வைப்பதும், மிதமான அளவு வெடிமருந்தோடு (இனி மருந்து) நிறுத்திக்கொள்வதும்தான் சேமிப்புக்கான வழிகள். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போருக்கும் மருந்து, பிரைமர் (கூட்டின் அடியில் பொருத்தப்பட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஆகியவற்றை வாங்குவதிலும் வைத்திருப்பதிலும் தனி விதிகள் இருக்கக்கூடும் என்பதால், கருவி வாங்குமுன் தம் பகுதியின் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு வீரியம் தேவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். .44 மேக்னத்துக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. அதற்கு முன்னோடியாக 1907இல் வந்த .44 ஸ்பெஷலுக்கு அது 15,500 மட்டுமே. தகர டப்பாக்களையும் சிறு இரும்புத் தகடுகளையும் சுடுவதற்கு இந்தப் பழைய அளவே தாராளம். ஸ்பெஷலின் எல்லையைத் தாண்டிக் கையால் நிரப்பிப் பார்த்தவர்களின் ஆர்வத்திலிருந்துதான் 1950களின் நடுவில் மேக்னமே பிறந்தது; பயிற்சிக்காக நிரப்புபவர் அதே வழியில் திரும்பி நடக்கிறார் எனலாம். ஆனால் நீளம் குறைந்த ஸ்பெஷல் கூட்டை மேக்னம் சிலிண்டரில் தொடர்ந்து சுட்டால், கூட்டின் வாய் முடியும் இடத்தில் கரி வளையமாகப் படிந்து, பின்னர் நீளமான கூடு உள்ளே செல்வதைத் தடுக்கும். ஆகவே மேக்னம் கூட்டையே எடுத்து, அதற்கென்று மருந்து தயாரிப்பாளரின் கையேட்டில் அச்சிடப்பட்டுள்ள மென்மையான அளவை நிரப்புவதே நல்லது.

குண்டு 240 கிரெய்ன் (சுமார் 15.5 கிராம்) அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள ஈய வார்ப்பாக இருக்கலாம். அதன் விட்டம் சிலிண்டர் அறையின் முன்வாய்க்குப் பொருந்த வேண்டும். சிறுத்திருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து, குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும். குண்டு மிக வேகமாகச் சென்றால்தான் ஈயம் படியும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், பொருந்தாத விட்டமே பெரும்பாலும் காரணம். மென்மையான அளவுகளுக்கு உறையிட்ட குண்டு ஏற்றதல்ல, குழலில் உராய்வு அதிகம் என்பதால் அது பாதி வழியில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல்.

மருந்தின் பெயர், எடை, பிரைமர் வகை மூன்றையும் மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் நடப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். நண்பர் சொன்ன அளவு, பெட்டியில் யாரோ எழுதி வைத்த அளவு எதையும் ஏற்கக் கூடாது. மேக்னத்துக்கென்றே தயாரிக்கப்படும் மெதுவாக எரியும் மருந்துகளைச் சிக்கனம் கருதிக் குறைப்பது ஆபத்து; சிலவற்றைக் குறைக்கவே கூடாது எனத் தயாரிப்பாளர்களே எச்சரிக்கின்றனர். வேகமாக எரியும் மருந்து குறைவாகச் செலவாகும், ஆனால் அது பெரிய கூட்டின் அடியில் சிறிதளவே நிற்கும். ஆகவே தவறுதலாக இரண்டு முறை கொட்டினாலும் கூடு நிரம்பி வழியாது, தவறு கண்ணில் படாமல் போய்விடலாம். இந்த வெற்றிடத்தை உணர்ந்து வேலை செய்பவரே பாதுகாப்பாக நிரப்புகிறார். அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும் மருந்து ஒன்றைக் கையேடு அனுமதித்தால், சற்று விலை கூடினாலும் நான் அதையே பரிந்துரைப்பேன்.

சுட்ட கூடுகளைக் கழுவி உலர்த்தியபின் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பித்தளை முதலில் வாயில்தான் விரிசல் விடும். விரிசல் கண்டதை உடனே நசுக்கி ஒதுக்குங்கள். கார்பைடு டை (கூட்டை அழுத்திச் சுருக்கும் கடினமான அச்சு) இருந்தால் எண்ணெய் பூசாமலேயே கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கிவிடலாம். பிறகு குண்டின் அடிப்பகுதி ஈயம் சீவப்படாமல் நுழையும் அளவுக்கு மட்டும் வாயை விரிக்க வேண்டும். தேவைக்கு மேல் விரித்தால் கூட்டின் ஆயுள் குறையும். பிரைமர் கூட்டின் அடித்தளத்துக்குச் சற்று உள்ளே அமர்ந்திருக்க வேண்டும். மேலே துருத்தி நின்றால் சிலிண்டர் சுழலாமல் உரசி நிற்கும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

மருந்து கொட்டும்போது மேசையில் ஒரே ஒரு மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும். தராசைத் தெரிந்த எடைக்கல்லால் சரிபார்த்தபின், கூடுகளைத் துளைப்பலகையில் வரிசையாக நிறுத்தி நிரப்புங்கள். வரிசை முடிந்ததும் பலகை முழுவதையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, எல்லாக் கூடுகளிலும் மருந்தின் மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் ஒரு குண்டையும் அழுத்தக் கூடாது. இடையில் யாராவது அழைத்து கவனம் சிதறினால், ஐயமுள்ள கூடுகளைக் கவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவதே சரி. தானே சுழன்று அடுத்தடுத்த வேலைகளைச் செய்யும் பிரஸ் (தோட்டா நிரப்பும் அழுத்துக் கருவி) நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் எளிய பிரஸ்ஸில் கற்றுக்கொள்பவருக்கே இந்தப் பார்வைப் பழக்கம் படியும்.

குண்டை அதைச் சுற்றி ஓடும் பள்ளம் வரை அமர்த்தி, கூட்டின் வாயை அப்பள்ளத்துக்குள் மடிக்க வேண்டும். உதைப்பின்போது எஞ்சிய தோட்டாக்களின் குண்டுகள் முன்னே நழுவிச் சிலிண்டரைத் தடுக்காதிருக்கவும், மருந்து சீராக எரியவும் இந்த மடிப்பு தேவை. கூடுகளின் நீளம் வேறுபட்டால் மடிப்பும் வேறுபடும். எனவே ஒரே நீளமுள்ளவற்றைப் பிரித்து வைப்பது நல்லது.

முதலில் சில தோட்டாக்களை மட்டும் கையேட்டின் தொடக்க அளவில் நிரப்பிச் சுட்டுப் பாருங்கள். வழக்கமான ஓசைக்கு மாறாக மெல்லிய சத்தம் கேட்டாலோ உதைப்பு வராமல் போனாலோ, அடுத்த குண்டைச் சுடவே கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துச் சிறிது காத்திருந்து, தோட்டாக்களை வெளியே எடுத்தபின், குழலில் குண்டு சிக்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும். ஈயக் குண்டிலும் பிரைமர் கரியிலும் ஈயம் இருப்பதால், வேலையின்போது எதையும் உண்ணாமல், முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். நிரப்பிய பெட்டியின் மீது குண்டின் எடை, மருந்தின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, மீதமுள்ள மருந்தை அதன் சொந்தப் புட்டிக்கே திருப்பிவிடுங்கள்.