டூர் போனால் இருவருக்கும் லீவு: வேலைகளைப் பிரித்துக்கொள்வது எப்படி?

குடும்பத்தோடு நாலு நாள் வெளியூர் கிளம்பினால் வீட்டு வேலை நின்றுவிடாது. பிள்ளைகளுக்குப் பசிக்கும், துணி அழுக்காகும், மருந்தை நேரத்துக்குக் கொடுத்தாக வேண்டும். இதையெல்லாம் பழகாத இடத்தில், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் செய்ய வேண்டும். அதோடு மூட்டை கட்டுவது, வழி பார்ப்பது, அறையைக் காலி செய்வது என்று புது வேலைகளும் வந்து சேரும். அத்தனையும் ஒருவர் தலையில் விழுந்தால், அவருக்கு அது லீவே இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். சில சமயம் மாமியாரும் கூட வருவார். ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, இப்போது எங்களுக்கு நன்றாகவே ஒத்துவரும் முறையை எழுதுகிறேன். டிக்கெட்டும் அறையும் முன்பதிவு ஆகிவிட்டன என்று வைத்துக்கொள்கிறேன். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், பிள்ளைகள் தூங்கிய பிறகு, இருவருக்கும் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். முந்தின நாள் ராத்திரி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். அந்த நேரத்தில் சண்டையில்தான் முடியும்.

படி 1: தனித்தனியாக எழுதுங்கள்

சேர்ந்து உட்கார்ந்து ஒரே பட்டியல் போட வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள். கிளம்பும் முன், போன இடத்தில், திரும்பி வந்த பிறகு என்று மூன்று தலைப்பு போட்டு, நினைவுக்கு வரும் வேலையையெல்லாம் எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஏன் தனித்தனியாக? மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவி இருவரிடமும் கேட்டிருந்தார்கள். இருவரும் சொன்னதைக் கூட்டியபோது பெரும்பாலான தம்பதிகளுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்குச் சட்டென்று நினைவுக்கு வரும், அடுத்தவர் செய்தது அப்படி வராது. இரண்டு தாளையும் ஒப்பிடும்போது இது கண்ணெதிரே தெரிந்துவிடும். என் தாளில் "சின்னவனுக்குச் செருப்பு அளவு சரியா என்று பார்ப்பது" இருந்தது, என் கணவர் தாளில் இல்லை. அவர் தாளில் "டயரில் காற்று, கேஸ் சிலிண்டரை மூடுவது, பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பது" இருந்தது. அந்த மூன்றையும் நான் நினைத்தே பார்த்ததில்லை.

படி 2: எதையெல்லாம் விடலாம்?

பிரிப்பதற்கு முன் குறையுங்கள். ஒவ்வொரு வரியையும் பார்த்து, இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று இடம் பார்ப்பதை ஒன்றாக்கினால், கிளப்புவது, உடை மாற்றுவது, சாப்பிட வைப்பது எல்லாமே குறையும். துணியைப் பாதியாக எடுத்துப்போய் நடுவில் ஒருமுறை துவைப்பது மேல். எங்கள் பட்டியலில் கணிசமான வரிகள் இந்தப் படியிலேயே போய்விடும்.

படி 3: வேலையை முழுசாகக் கொடுங்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாங்கள் நெடுநாள் சிக்கிக்கொண்டிருந்த இடமும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி, 2019-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வீட்டில் கையால் செய்யும் வேலைக்கு முன்னும் பின்னும் நடக்கும் மூளை வேலையை அவர் நான்காகப் பிரிக்கிறார்: வரப்போகும் தேவையை முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழிகள் உண்டு என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் பெரும்பாலும் இருவரும் பங்கெடுக்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும்தான் அதிகமாகப் பெண்கள் பக்கம் விழுகின்றன என்பது அவர் கண்டது.

இதைப் பயணத்தில் பொருத்திப் பாருங்கள். "ஏங்க, மருந்துப் பையை எடுத்து வெச்சிடுங்க" என்று நான் சொல்கிறேன். அவர் எடுத்து வைக்கிறார். ஆனால் எந்த மருந்து தீரப்போகிறது, பிள்ளையின் எடை கூடியதால் அளவு மாறியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டாயிற்றா, சீட்டு எங்கே, பை கைப்பையில் போகிறதா பெரிய பெட்டியில் போகிறதா என்ற யோசனையெல்லாம் என்னிடமே இருக்கிறது. தாளில் பார்த்தால் மருந்து வேலை அவருடையது. தலையில் சுமப்பது நான். பல வீடுகளில் "நான்தான் பாதி செய்கிறேனே" என்று ஒருவரும் "எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு களைப்பு" என்று இன்னொருவரும் கேட்பது இதனால்தான். இருவர் கேட்பதும் நியாயம்தான்.

எனவே "எடுத்து வைப்பது" என்று எழுதாதீர்கள். "மருந்து" என்று எழுதுங்கள். நினைப்பதிலிருந்து திரும்பி வந்து அலமாரியில் வைப்பது வரை அது ஒருவர் பொறுப்பு. எங்கள் தலைப்புகள் இவை: ஆவணங்கள், மருந்து, மின்சாதனங்கள், பெரியவள் பெட்டி, சின்னவன் பெட்டி, சாப்பாடு, வழியும் வண்டியும், துணி, பூட்டிவிட்டுப் போகும் வீடு.

பொறுப்பு என்றால் விதி தெரிந்து வைத்திருப்பதும் அதில் அடக்கம். மின்சாதனங்களை எடுத்துக்கொண்டவர், பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-மணிக்கு மேல் இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆவணக்காரர், நுழைவு நாளிலிருந்து இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைப் பல நாடுகள் கேட்கும் என்பதை முதல் வேலையாகப் பார்த்துவிட வேண்டும். இதையெல்லாம் துணை வந்து ஞாபகப்படுத்தினால் பொறுப்பு கைமாறவில்லை என்று அர்த்தம்.

கைமாற்றுவதற்கு மூன்று விஷயத்தைப் பேசி முடியுங்கள்.

முதலில், எப்படி இருந்தால் அந்த வேலை முடிந்த மாதிரி என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். "சின்னவன் பெட்டி என்றால் நாளுக்கு ஒரு ஜோடி, கூட இரண்டு, ஒரு ஸ்வெட்டர், அவன் தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் பொம்மை" என்பது போல. நிறம் பொருந்துகிறதா என்பது உங்களுக்கு முக்கியம் என்றால் இப்போதே சொல்லுங்கள். இப்போது சொல்லாததைப் பிறகு குறையாகச் சொல்லக் கூடாது.

அடுத்து, ஒரு கெடு. கிளம்பும் முந்தின நாள் மாலை ஆறு மணி எங்களுக்கு ஒத்துவருகிறது. அதுவரை மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. "எடுத்து வெச்சீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாலும் கண்காணிக்கும் வேலை கேட்டவரிடம் திரும்பி வந்துவிடும். அந்தப் பக்கத்தில் இருப்பவரும் "நீ சொன்னா செஞ்சிருப்பேனே" என்ற வாக்கியத்தை விட்டுவிட வேண்டும். சொல்வதே ஒரு வேலைதான்.

மூன்றாவது, தவறிப்போனால் என்ன செய்வது? பொறுப்பானவரே சரிசெய்வார். தொப்பியை மறந்தால் அவரே போய் வாங்கி வருவார். அந்த நேரத்தில் மற்றவர் "அப்பவே நினைச்சேன்" என்று சொல்லாமலிருப்பதும் ஒப்பந்தத்தில் சேர்த்தி.

இதற்கு விலக்கு இரண்டே. பாஸ்போர்ட்டையும், தினசரி எடுத்தே ஆக வேண்டிய மருந்தையும் வாசலைத் தாண்டும் முன் இருவரும் கண்ணால் பார்க்கிறோம். மறந்தால் காசு கொடுத்து உடனே வாங்க முடியாதவை அவை மட்டுமே.

படி 4: போன இடத்தில் டியூட்டி

ஒரு நாளை மூன்றாக வெட்டுங்கள்: எழுந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை, அங்கிருந்து மாலை வரை, மாலையிலிருந்து பிள்ளைகள் தூங்கும் வரை. ஒன்றில் நான் டியூட்டி, ஒன்றில் அவர், மூன்றாவது சேர்ந்து. மறுநாள் மாற்றிக்கொள்வோம். டியூட்டியில் இருப்பவர்தான் பிள்ளைகள் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். தண்ணீர் பாட்டில், கழிப்பறை, சண்டை, எல்லாம்.

இது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டியூட்டியில் இல்லாதவர் அதே அறையில் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் பழகின ஆளிடம்தான் ஓடி வருவார்கள். எழுந்து வெளியே போங்கள். நடங்கள், படியுங்கள், வேறு எங்காவது போய்த் தூங்குங்கள். போவதற்கு அனுமதி கேட்கவும் வேண்டாம், திரும்பி வந்து என்ன நடந்தது என்று விசாரிக்கவும் வேண்டாம்.

கடல், நீச்சல் குளம், ஆறு என்றால் மட்டும் விதி இறுக்கமானது. தண்ணீரில் மூழ்குவது பெரும்பாலும் சத்தமில்லாமல், சில நொடிகளில் நடந்துவிடும். இருவரும் கரையில் இருந்தால் அவர் பார்க்கிறார் என்று நானும், நான் பார்க்கிறேன் என்று அவரும் நினைத்துக்கொள்வோம். அதனால் வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்றுகிறோம். "இப்ப நீங்க பாருங்க." "சரி, நான் பார்க்கிறேன்." இந்தப் பதில் காதில் விழும் வரை முதல் ஆள் கண்ணை எடுக்கக் கூடாது. பார்ப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் கவனம் தளராது.

காரில் போனால் ஓட்டுவது ஒரு முழு வேலை. பின்சீட்டில் பிள்ளைகளைப் பார்ப்பதும் முழு வேலைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் நின்று இளைப்பாறச் சொல்கின்றன பிரிட்டனின் சாலை விதிகள். இருவருக்கும் ஓட்டத் தெரிந்தால் அந்த இடைவெளியில் இடம் மாறுங்கள். தெரியாவிட்டால், ஓட்டியவருக்கு இறங்கியதும் ஒரு மணி நேரம், பின்சீட்டில் இருந்தவருக்கு அதன் பிறகு ஒரு மணி நேரம், இரண்டு பேருக்கும் ஓய்வு.

படி 5: எதில் எழுதி வைப்பது?

கூகுள் கீப் என்ற குறிப்பு எழுதும் செயலியில். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. ஒரு பட்டியலைத் துணையின் மின்னஞ்சலோடு பகிர்ந்தால் இருவர் போனிலும் ஒரே பட்டியல் தெரியும். ஒருவர் டிக் போட்டால் மற்றவருக்கும் தெரியும், கேட்கவே வேண்டாம். பயணம் முடிந்ததும் எல்லா டிக்கையும் மொத்தமாக எடுத்துவிட்டு அடுத்த முறைக்கு அதையே பயன்படுத்தலாம். தலைப்புக்கு ஒரு பட்டியல் வையுங்கள், எல்லாவற்றையும் ஒன்றில் திணிக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் பட்டியல் வேண்டவே வேண்டாம். நாலு படம் வந்தால் பட்டியல் மேலே போய்விடும், தேடும் வேலை யாராவது ஒருவருக்கு வந்து சேரும். எக்செல் தாளும் எனக்குப் பிடிக்காது. அதை உருவாக்கியவரே காலம் முழுவதும் அதைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: முன்பதிவில் யாருடைய போன் எண் இருக்கிறதோ, ஓட்டல்காரரும் டிரைவரும் அவரையே கூப்பிடுவார்கள். அந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டவர் எண்ணைக் கொடுங்கள். உறுதிச் சீட்டுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், இணையம் இல்லாத இடத்தில் உதவும்.

படி 6: திரும்பி வந்த நாள்

பயணம் பெட்டி காலியாகி மேலே ஏறும்போதுதான் முடிகிறது. போகும்போது துணிப் பெட்டிகளை அதிகம் கட்டியவர் வந்ததும் அவற்றைப் பிரிக்க வேண்டாம். அந்த ஒரு வேலையை மற்றவருக்கு மாற்றிவிடுங்கள். முடிந்தால் ஆபீஸ், பள்ளி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னதாகவே வீடு வந்து சேருங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"மாமியார் கூட வந்தால் பையன் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிவிடுகிறார், என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இதில் மருமகள் பேசவே கூடாது. அவரவர் அம்மாவிடம் அவரவர்தான் பேச வேண்டும். எங்கள் வீட்டில் "அம்மா, இது என் டியூட்டி, நீங்க உக்காருங்க" என்று என் கணவர் முதல் நாளே சொல்லிவிடுகிறார். பெரியவர்களுக்கும் ஒரு தலைப்பு கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அதையும் முழுசாகக் கொடுங்கள்.

"நான் மட்டும்தான் சம்பாதிக்கிறேன், லீவிலாவது ஓய்வு வேண்டாமா?" வேண்டும். வீட்டிலிருப்பவருக்கும் வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் உலக அளவில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். ஆபீஸ் வேலைக்கு லீவு எழுதித் தர ஒரு மேலாளர் இருக்கிறார். இந்த வேலைக்கு லீவு தர வீட்டிலிருக்கும் இன்னொருவரால்தான் முடியும்.

"கைக்குழந்தை தாய்ப்பால் குடிக்கிறது, ராத்திரியைப் பிரிக்கவே முடியவில்லை." பால் கொடுப்பதைப் பிரிக்க முடியாது, மற்றதைப் பிரிக்கலாம். ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தட்டித் தூங்கவைப்பது அப்பாவுக்கு. காலையில் முதல் டியூட்டியும் அவருக்கே. அம்மா பத்து மணி வரை தூங்கட்டும்.

கடைசியாக, பிள்ளைகளுக்கு எந்த வயதில் பெட்டியைக் கொடுக்கலாம் என்று கேட்டவருக்கு: பட்டியலைப் படிக்கத் தெரிந்ததும் கொடுங்கள். எங்கள் பெரியவள் இப்போது தன் பெட்டியைத் தானே கட்டுகிறாள். மாலை ஆறு மணிக் கெடு அவளுக்கும் உண்டு, அதுவரை அவளிடமும் யாரும் கேட்பதில்லை.