தாய்வழி டிஎன்ஏவில் பழைய இடப்பெயர்வைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் சின்ன உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. அதிலுள்ள டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. நீளம் சுமார் 16,569 எழுத்துகள்தான். அப்பா வழி டிஎன்ஏவோடு கலக்காததால் கிளை கிளையாகப் பின்னோக்கிப் போவது எளிது. இந்த எளிமையை நம்பித்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

முதலில் 'ஏவாள்' விவகாரம். 1987-ல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் இன்றைய மனிதர்களின் தாய்வழிகள் எல்லாம் ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒருத்தியிடம் போய்ச் சேருகின்றன என்றார்கள். உடனே அவளுக்கு 'ஏவாள்' என்று பெயர் வந்து, அவள்தான் முதல் பெண் என்று கதை கிளம்பிவிட்டது. அவள் காலத்தில் வேறு பெண்கள் நிறையவே இருந்தார்கள். மகளே பிறக்காத இடத்தில் தாய்வழி அறுந்துபோகும். மகன்கள் வழியாக அந்தப் பெண்களும் நமக்குப் பாட்டிகளாக இருக்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு, ஒரு வழியை மட்டும் பார்த்துவிட்டு மொத்த வம்சத்தையும் பார்த்ததாக நினைப்பது. பத்துத் தலைமுறைக்கு முன்னால் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. தாய்வழி டிஎன்ஏ அதில் ஒன்றைத்தான் காட்டும். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த விரல் எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் முதலில் அதன் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தார்கள். அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலும் நாமும் பிரிவதற்கு வெகு முன்பே, சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பிரிந்துபோன கிளை என்று தெரிந்தது. அதே ஆண்டு இறுதியில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவைப் படித்தால், நியாண்டர்தாலுக்கு நெருங்கிய பங்காளி! நியாண்டர்தால் மைட்டோகாண்ட்ரியா இன்று யாரிடமும் கிடைக்கவில்லை; அதை வைத்து நம் முன்னோருக்கும் அவர்களுக்கும் கலப்பே நடக்கவில்லை என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் உட்கரு டிஎன்ஏவில் சுமார் 2 சதவீதம் அவர்களுடையது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு கிளை இன்று எங்கே அதிகமோ அங்கேதான் தோன்றியது என்பதும் அவசர முடிவு. சின்னக் குழுக்களில் தற்செயலாகவே ஒரு வகை பெருகிவிடும்.

அப்புறம், காலக் கணக்கு. கிளையின் வயதும் மக்கள் வந்து சேர்ந்த காலமும் ஒன்றல்ல. ஒரு தீவில் குடியேறிய பெண்கள் புறப்படும்போதே வெவ்வேறு வகைகளைக் கொண்டிருந்தால், அவர்களின் பொதுத் தாய் பயணத்துக்கு வெகு முன்பே வாழ்ந்திருப்பாள். பிறழ்வு வேகமும், அதாவது டிஎன்ஏ எழுத்துகள் மாறும் வேகமும், சிக்கல்தான். தாய்க்கும் மகளுக்கும் இடையே தெரியும் பிறழ்வுகளில் தீங்கானவை காலப்போக்கில் கழிந்துவிடும். அதனால் குடும்பங்களில் அளந்த வேகத்தை அப்படியே பழங்காலத்துக்குப் பொருத்தினால் நிகழ்வுகள் நிஜத்தைவிடச் சமீபமாகத் தெரியும். கார்பன் முறையில் வயது தெரிந்த பழைய எலும்புகளின் டிஎன்ஏவை வைத்துக் கணக்கைச் சரிபார்ப்பது நல்லது.

இன்றைய தாய்வழி டிஎன்ஏ மாதிரிகளிலிருந்து கணித்து வரையும் பழைய மக்கள்தொகை வரைபடத்தில் கோடு ஏறினால் பெருக்கம், இறங்கினால் அழிவு என்று படிக்கத் தோன்றும். அது காட்டுவது தலை எண்ணிக்கையை அல்ல. அடுத்த தலைமுறைக்கு வழிவிட்ட பெண்களின் 'பயனுறு' அளவை மட்டுமே. தங்களுக்குள் அதிகம் கலக்காத பல குழுக்களின் மாதிரிகளை ஒன்றாகக் கொட்டினால், ஆட்கள் குறையாமலேயே சமீப காலத்தில் கோடு சரியும். அந்தச் சரிவுக்குப் பஞ்சமா, போரா என்று காரணம் தேடுவதற்கு முன், மாதிரிகளைக் குழு குழுவாகப் பிரித்து மறுபடி வரைந்து பாருங்கள்.