தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடக்கும் சீரியலுக்குக் கலப்புக் காதல் எழுதுவது எப்படி?

எடுத்தவுடன் காதலைப் போடாதீர்கள். இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ்ப் பெண்ணும் சுலு என்ற ஆப்பிரிக்க இனத்துப் பையனும் ஒரே ஆபீசில் கணக்குக்காகச் சண்டை போட்டே ஒரு மாதம் ஓட்டட்டும்.

அப்புறம் குடும்பம். 1949-இல் வந்து 1985-இல் ரத்தான கலப்புத் திருமணத் தடைச் சட்டம் வெள்ளையரோடு மற்றவர் செய்யும் திருமணத்தைத்தான் தடுத்தது; ஆனால் 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் 1991-இல்தான் ரத்தானது, அதுவரை இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒரே பகுதியில் சேர்ந்து குடியிருக்க முடியாது. ஆகவே பெண்ணின் ஆயா, அதாவது பாட்டி, இந்தக் காதல் வேண்டாம் என்பதற்கு நிறம் மட்டுமல்ல, அந்தக் காலத்துப் போலீஸ் பயமும் காரணமாக இருக்கலாம், அந்தக் காட்சியை மட்டும் அவசரமாக முடித்துவிடாதீர்கள். பையன் வீட்டிலும் எதிர்ப்பு வேண்டும். லோபோலா, அதாவது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பரிசம், பேச வந்தவர்கள் முன்னால் பெண்ணின் மாமா முழிப்பதே ஒரு வாரத்துக்குத் தாங்கும்!

நடிகர் தேர்வுக் குறிப்பில் வெறுமனே ‘இந்தியர்’ என்று போடாமல் தமிழ் வீடா, குஜராத்தி வீடா என்று எழுதுங்கள். மறுபடியும் அதே கடைக்கார இந்திய அப்பா பாத்திரமா? போதும் சாமி.

பிரிக்க வேண்டுமா, சரி, இனத்தை இழுக்காமல் சாதாரணப் பொய்யொன்றால் பிரியுங்கள்.