மரக்கிண்ணம் செதுக்குறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

ஈரம் காயாத மரத்துல கிண்ணம் செதுக்க புதுசா கத்துக்க வர்றவங்கள பாக்குறேன், அந்தக் காலத்துல நாங்க பண்ணுன அதே தப்பத்தான் திரும்பவும் பண்றாங்க. உளிய தீட்டுங்க, வெட்டுற திசையில கைய வைக்காதீங்கன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, அத விட்டுடுறேன்.

கட்டைய குறுக்கால அறுத்து வட்டமா எடுக்காதீங்க

இதுதான் இன்னைக்கும் எனக்கு கோவம் வர்ற விஷயம். 2018 கஜா புயல்ல டெல்டா பக்கம் மரமெல்லாம் சாஞ்சு கெடந்துச்சே, அப்ப ஒரு தம்பி அருமையான பூவரசு கட்டை கொண்டு வந்தாரு. ஹவாய்ல இதே மரத்துக்கு மிலோன்னு பேரு, சாப்பாட்டுல மர வாடை ஏறாதுன்னு அதுல கிண்ணம் செதுக்குனாங்க, அப்படிப்பட்ட மரம். அத மரவாடியில குடுத்து வட்ட வட்டமா அறுத்துட்டு வந்து, வளையமெல்லாம் தெரியுது, அழகா இருக்குல்லண்ணேங்கிறாரு. வேணாம் தம்பின்னேன், கேக்கல. நாள்கணக்கா உக்காந்து செதுக்கி, வீட்டுக்கு கொண்டுபோய் ஃபேனுக்கு அடியில வச்சிருக்காரு, காலையில பாத்தா மையத்துலேருந்து விளிம்பு வரைக்கும் பொளந்து கெடக்கு. பசையும் மரத்தூளும் வச்சு அடைச்சிடலாமான்னு கேட்டாரு. நிக்காது.

காரணம் என்னன்னா, மரம் காயும்போது எல்லா பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. மையத்துலேருந்து பட்டைய நோக்கி சுருங்குறத விட வளையத்தோட போக்குல சுருங்குறது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நடுவுல மையம் அப்படியே இருந்தா வளையம் எங்க போய் சுருங்கும், பிஞ்சுதான் ஆகணும்.

அதனால ஆப்பு வச்சு நீளவாக்குல ரெண்டா பொளங்க, மையம் இருக்குற பக்கத்துல ஒரு விரக்கடை வாய்ச்சியால (மண்வெட்டி மாதிரி அலகு குறுக்கா இருக்குற சின்ன வெட்டுக்கருவி) செதுக்கி தள்ளிடுங்க, மிச்ச அரைக்கட்டையில குடைங்க. கிண்ணம் சின்னதாயிடுமேன்னு வருத்தப்படுறாங்க. ஆகட்டுமே, உடையாம இருக்கும்ல.

வெளிப்பக்கத்த முதல்ல உருட்டிடாதீங்க

அடி தட்டையா இருக்குற வரைக்கும்தான் கட்டை ஆடாம நிக்கும். உள்ள குடைஞ்சு முடிச்சுட்டு வெளிய வாங்க.

அடி மொத்தம், ஓரம் மெல்லிசு

கூடாது. ஓரம் முதல்ல காஞ்சு இழுக்கும், அடி விட்டுக்குடுக்காது, வெடிக்கும்.

அவசரமா காய வைக்கிறது

ஈரம் நார் வெட்டுப்பட்ட ரெண்டு முனை வழியாத்தான் வேகமா வெளியேறும். அங்க மெழுகு தடவுங்க, கிண்ணத்த காகிதப் பையில போட்டு கூடவே செதுக்குன சீவலையும் அள்ளிப் போட்டு நிழல்ல வைங்க. பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சா பூஞ்சை புடிக்கும். அப்பப்ப சமையல்கட்டு தராசுல எடை பாருங்க, எடை கொறையுறது நின்னாத்தான் காஞ்சதுன்னு அர்த்தம், உப்புத்தாள் அதுக்கப்புறம்தான், ஈர மரத்துல தேச்சா தாள் அடைச்சுக்கும்.

தேங்காண்ணெய்

பூசாதீங்க. காயாது, நாளாக ஆக சிக்கு வாடை வரும். சாப்பிடுறதுக்குன்னு விக்கிற ஆளிவிதை எண்ணெய மெல்லிசா தடவி தொடச்சு விடுங்க. பெயிண்ட் கடையில 'பாயில்டு'ன்னு குடுக்குற ஆளி எண்ணெய் வேணாம், சீக்கிரம் காயணும்னு அதுல உலோக மருந்து கலப்பாங்க.